கேமராவோடு 32 இலவசங்கள்: வாங்கலாமா?

ஒரு வாசகியிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவர் இதுவரை ஃபோனில்தான் படம் எடுத்து வந்திருக்கிறார். எட்டு வயது மகள் நடனம் கற்கிறாள். இன்னும் இரண்டு மாதத்தில் மேடை ஏறப்போகிறாள். போன வருட நிகழ்ச்சியில் எடுத்த படங்களில் மகளின் முகம் வெள்ளைத் திட்டாகவும், கைகால்கள் கலங்கியும் பதிந்திருந்தன. அதனால் இந்த முறை ஒரு நல்ல கேமரா வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். வீட்டுக்கு வெளியே வந்து உட்காரும் பறவைகளையும் எடுக்க ஆசை.

அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, கடைக்காரர் சொல்லும் 33 பொருள் செட்: கேனன் இஓஎஸ் 2000டி கேமரா, 18-55 மி.மீ. லென்ஸ், 75-300 மி.மீ. லென்ஸ் (மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), "வைடு லென்ஸ்", "டெலி லென்ஸ்", ஃபில்டர்கள், முக்காலி, ஃபிளாஷ், இரண்டு மெமரி கார்டு, பை, இன்னும் பல. இரண்டாவது, கேனன் ஆர்50 மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) கேமரா. நிறுவனமே 18-45 மி.மீ. லென்ஸோடு ஒரே பெட்டியில் தருவது. 55-210 மி.மீ. லென்ஸும் சேர்ந்த இரட்டை லென்ஸ் பெட்டியும் உண்டு. மூன்றாவது, இவருடைய தம்பி சொல்வது: "செட்டில் வரும் லென்ஸ் எல்லாம் குப்பை அக்கா, பாடி மட்டும் வாங்கி ஒரு 50 மி.மீ. லென்ஸ் போடு." பாடி என்றால் லென்ஸ் இல்லாத கேமரா.

கணவரோ ஃபோனே போதும் என்கிறார். இதற்கிடையில் வாசகி, ஆஃபர் போய்விடக் கூடாது என்று 33 பொருள் செட்டுக்கு ஒரு சிறு தொகையை முன்பணமாகவும் கட்டிவிட்டார். "தனித்தனியாக வாங்கினால் இரண்டு மடங்கு ஆகும் என்கிறார்கள். 300 மி.மீ. லென்ஸ் இருந்தால் கடைசி வரிசையிலிருந்துகூட எடுக்கலாமாம். வாரண்டியும் உண்டு. அப்புறம் ஏன் யோசிக்கிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். யோசிப்பது தப்பா?" என்று முடிக்கிறார்.

பதில்

யோசிப்பது தப்பே இல்லை. நீங்கள் இணைத்திருந்த 33 பொருள் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். அதில் லென்ஸ் மூடி, மூடியைக் கட்டிவைக்கும் கயிறு, துடைக்கும் துணி, இன்னொரு துடைக்கும் துணி, திரைக்கு ஒட்டும் தாள்கள், கார்டு வைக்கும் சிறு பெட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள். கேமரா பெட்டிக்குள் நிறுவனமே வைத்து அனுப்பும் பேட்டரி, சார்ஜர், தோளில் மாட்டும் வார் ஆகியவையும் எண்ணிக்கையில் வருகின்றன. அவை எப்படியும் உங்களுக்கு வர வேண்டியவை. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு "பெட்டியில் என்ன இருக்கும்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்காரர் பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். 33 எவ்வளவு சீக்கிரம் சுருங்குகிறது என்று தெரியும்.

"இரண்டு மடங்கு ஆகும்" என்ற கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பொருளுக்கும் அச்சிட்ட உச்ச விலையைக் கூட்டினால் அந்தத் தொகை வரலாம். ஆனால் அந்த வைடு லென்ஸையும் இரண்டாவது துணியையும் நீங்கள் தனியாகப் போய் வாங்குவீர்களா? வாங்கமாட்டீர்கள் என்றால் அதில் உங்களுக்கு மிச்சமானது எதுவுமில்லை. மிச்சத்தைக் கணக்கிட வேண்டுமானால், தனியாக இருந்தாலும் காசு கொடுத்து வாங்கியிருப்பேன் என்று நீங்கள் சொல்லும் பொருள்களை மட்டும் கூட்டுங்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்துவிடுகிறேன். கேமரா நிறுவனமே பாடியையும் ஒரு லென்ஸையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பது ஒரு வகை. விற்பவர் தன் பங்குக்குப் பல பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருவது வேறு வகை. முதல் வகையில் பெரும்பாலும் உங்களுக்கு லாபம். அந்த லென்ஸைத் தனியாக வாங்கும் விலையைவிடப் பெட்டியோடு வரும்போது மிகக் குறைவாகவே கூடுகிறது. இரண்டாம் வகையில் நல்லதும் இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்தே சொல்ல வேண்டும். உங்கள் பட்டியலைப் பார்த்தே சொல்கிறேன்.

லென்ஸ் என்று எழுதியதெல்லாம் லென்ஸ் இல்லை

"நான்கு லென்ஸ் வருகிறது" என்று எழுதியிருந்தீர்கள். வருவது இரண்டுதான். 0.43 எக்ஸ் "வைடு" (அகலமாகக் காட்ட), 2.2 எக்ஸ் "டெலி" (தூரத்தை இழுக்க) என்று பட்டியலில் இருப்பவை, ஏற்கெனவே மாட்டியிருக்கும் லென்ஸின் முன்னால் திருகி ஒட்டும் கூடுதல் கண்ணாடிகள். அவற்றை மாட்டினால் ஓரங்கள் மங்கும், மூலைகள் கறுக்கும், கிளைக்கும் வானத்துக்கும் நடுவில் ஊதா நிறக் கோடு ஓடும். முன்னால் எடை ஏறுவதால் சிறிய லென்ஸின் ஃபோகஸ் மோட்டாரும் திணறும். இரண்டு நாள் விளையாடிவிட்டு அலமாரிக்குள் போய்விடும் பொருள் இது.

ஃபில்டர் மூன்றில் எஃப்எல்டி என்பது ஃபிலிம் காலத்துச் சமாசாரம். ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஃபிலிமில் விழும் பச்சைச் சாயலை நீக்க அது தேவைப்பட்டது. இப்போது அந்த வேலையைக் கேமராவில் ஒயிட் பேலன்ஸ் செய்துவிடுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி ஃபில்டரும் ஏறக்குறைய அப்படித்தான். படத்தைப் பதியும் டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே அதற்கான தடுப்பு இருக்கிறது. லென்ஸுக்குப் பாதுகாப்பு என்று மாட்டுபவர்கள் உண்டு. ஆனால் மலிவான யுவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடை விளக்குகளைப் பார்த்துப் படம் எடுத்தால், விளக்குகளின் பிரதிபலிப்பு படத்தில் பச்சைப் புள்ளிகளாக மிதக்கும். மூன்றில் உருப்படியானது போலரைசர் ஒன்றுதான். இலையின் மினுமினுப்பையும் தண்ணீரின் பளபளப்பையும் குறைக்கும் அந்த வேலையைப் பிறகு கணினியில் செய்ய முடியாது.

ஆனால் இந்த மூன்றும் 58 மி.மீ. விட்டம் கொண்டவை. ஆர்50 உடன் வரும் 18-45 லென்ஸுக்கு 49 மி.மீ. வேண்டும். தம்பி சொல்லும் 50 மி.மீ. லென்ஸ் ஆர்எஃப் வகை (ஆர்50இல் நேராக மாட்டுவது) என்றால் அதற்கு 43 மி.மீ. பின்னாளில் கேமராவையோ லென்ஸையோ மாற்றினால் இவை நேரடியாகப் பொருந்தாது.

ஃபிளாஷைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2000டி கேமராவின் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், மற்ற கேமராக்களில் இருக்கும் நடுப்புள்ளி கிடையாது. சாதாரணமான வேற்று நிறுவன ஃபிளாஷ் பலவும் அந்த நடுப்புள்ளியை நம்பித்தான் எரிகின்றன. உங்கள் பட்டியலில் உள்ளது "ஸ்லேவ்" வகை. கேமராவின் சொந்த ஃபிளாஷ் மின்னுவதைப் பார்த்து இது மின்னும், அவ்வளவுதான். எப்படியிருந்தாலும் நடன மேடையில் ஃபிளாஷ் போடாதீர்கள். ஆடும் குழந்தைகளின் கண் கூசும். பத்து, பதினைந்து மீட்டர் தூரத்துக்கு அந்த வெளிச்சம் போய்ச் சேரவும் செய்யாது.

+1, +2, +4, +10 என்று வரும் குளோஸ்-அப் கண்ணாடிகளிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. ஓரம் மங்கினாலும் பூ, பூச்சி, பழைய நாணயம் என்று கிட்டத்தில் பார்க்கும் ஆர்வத்தை அவை கிளப்பிவிடும். அதற்காக ஒரு செட்டை வாங்க வேண்டியதில்லை.

முக்காலி? ஃபோனுக்குப் போதும். நடனம் எடுக்க உங்களுக்கு அது தேவையே இல்லை.

மெமரி கார்டில் "அதிவேகம்" என்று மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகத்தின் உச்சம். வீடியோவுக்கு முக்கியம், எழுதும் வேகம் எவ்வளவுக்குக் கீழே இறங்காது என்பது. வி30 என்ற குறி இருந்தால் விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள். தொடக்க நிலைக் கேமராவின் 4கே வீடியோவுக்கு அது போதும். போலி கார்டுகளும் புழங்குகின்றன. 64 ஜிபி என்று காட்டும், உள்ளே அதில் பாதிகூட இருக்காது. நிறைந்த பிறகு எடுக்கும் படங்கள் காணாமல் போகும். எங்கே வாங்கினாலும் முதல் நாளே முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்று இதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

300 மி.மீ. எதற்கு, எதற்கு இல்லை

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் கவலைப்பட்ட இடம் இதுதான். "300 மி.மீ. இருந்தால் கடைசி வரிசையிலிருந்து எடுக்கலாம்" என்பது பாதிதான் உண்மை. தூரத்தில் இருப்பதை அது பெரிதாகக் காட்டும். மேடையில் உங்களுக்குப் பிரச்சினை தூரத்தைவிட வெளிச்சம்.

உங்கள் செட்டில் உள்ள கேனன் இஎஃப் 75-300 லென்ஸ் 1999இல் வந்த பதிப்பு. 300 மி.மீ. முனையில் அதன் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி அதில் இல்லை. மங்கலான ஓர் உள்ளரங்க மேடையில் ஆடும் கைகளைக் கலங்காமல் பிடிக்க ஷட்டர் ஸ்பீடு (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) 1/250 விநாடியாவது வேண்டும். மாலையில் விளக்கு போட்ட ஒரு கூடம் அளவுக்கு மேடையில் வெளிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எஃப் 5.6இல் இதற்கு ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 12,800 ஆகும். 2000டியின் வழக்கமான ஐஎஸ்ஓ எல்லை 6,400. அதற்கு மேல் கேமராவில் விரிவாக்க அமைப்பை இயக்கித்தான் 12,800 போக முடியும். படம் முழுவதும் மணல் தூவியது போல இருக்கும். அதுவும் போக, 300 மி.மீ.யைக் கையில் பிடித்து நடுங்காமல் எடுக்க 1/500 அளவாவது வைப்பது வழக்கம். அப்போது கணக்கு இன்னும் கையை மீறும்.

அதே மேடையில் எஃப் 1.8 திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால்? எஃப் 5.6ஐவிட அது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 12,800 கேட்ட இடத்தில் 1,250 அல்லது 1,600 போதும். நல்ல அரங்கில் மேடை விளக்கு இதைவிடப் பிரகாசமாகவே இருக்கும். அப்போது எல்லா லென்ஸுக்கும் நிலைமை சற்றுத் தேவலை. ஆனால் இந்தப் பத்து மடங்கு வித்தியாசம் எங்கேயும் மாறாது.

தூரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடையிலிருந்து எட்டு மீட்டரில் உட்கார்ந்தால், இந்த வகைக் கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பு ஏறத்தாழ 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். முகம் மட்டும் வரும். அவள் ஓர் அடி நகர்ந்தால் படத்தில் இருக்கமாட்டாள். 50 மி.மீ.யில் அதே இடத்திலிருந்து மூன்றரை மீட்டர் அகலமும் இரண்டேகால் மீட்டருக்கு மேல் உயரமும் தெரியும். தலை முதல் கால் வரை, கை நீட்டினாலும் தாண்டினாலும் அடங்கும். பிறகு தேவையானதை வெட்டி எடுத்துக்கொள்ள 24 மெகாபிக்சலில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆகவே கடைசி வரிசைக்கு ஏற்ற லென்ஸைத் தேடுவதைவிட, முன் வரிசையில் ஓர் இடத்தைத் தேடுவது மலிவு.

நிறுவனத்தின் இரட்டை லென்ஸ் பெட்டியில் வரும் 55-210 லென்ஸில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி உண்டு. ஆனால் அதன் நீண்ட முனையில் எஃப் 7.1தான். உள்ளரங்கத்துக்கு இதுவும் உதவாது. நடுக்கத் தடுப்பு உங்கள் கை ஆட்டத்தைத்தான் சமாளிக்கும். மகளின் ஆட்டத்தை அது நிறுத்தாது. இது பலருக்கும் வரும் குழப்பம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பறவைகளுக்கு இந்த நீள லென்ஸ்கள் உதவும். பகல் வெளிச்சத்தில் எஃப் 7.1 ஒரு குறையே இல்லை. எட்டு மீட்டரில் உட்கார்ந்திருக்கும் கையகலப் பறவை 300 மி.மீ.யில் படத்தின் கால்வாசி அகலத்துக்கு வரும். ஆனால் பறவை உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகிறது. மகள் இரண்டு பக்கத்துக்கு வருகிறாள். காசை எங்கே வைக்க வேண்டும் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

தம்பி சொல்வதில் பாதி சரி

50 மி.மீ. லென்ஸைப் பற்றி அவர் சொன்னது சரி. கிட் லென்ஸ் (கேமராவோடு ஒரே பெட்டியில் வரும் லென்ஸ்) குப்பை என்பது பழைய பேச்சு. இப்போதைய 18-55, 18-45 வகை லென்ஸ்களை எஃப் 8இல் வைத்துப் பகலில் எடுத்த படத்தையும், விலை கூடிய லென்ஸில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால், எது எது என்று சொல்லப் பயிற்சி உள்ளவர்களே திணறுவார்கள். இவற்றின் குறை இருட்டில்தான் தெரியும்.

பாடியும் 50 மி.மீ.யும் மட்டும் வைத்துக்கொண்டால் வேறு சிக்கல் வரும். இந்தக் கேமராக்களின் சிறிய சென்சாரில் 50 மி.மீ. என்பது, பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள முழு அளவு சென்சாரில் 80 மி.மீ. போலக் குறுகலாகக் காட்டும். ஒரு அறைக்குள் ஆறு பேரை நிறுத்திப் படம் எடுக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்னால் போக வேண்டியிருக்கும். பயணத்தில் ஒரு கட்டடத்தை முழுதாக அடக்க முடியாது. கிட்டத்தில் எஃப் 1.8இல் எடுத்தால், ஒன்றரை மீட்டரில் தெளிவாக இருக்கும் ஆழம் ஆறு செ.மீ.தான், ஒரு கண் தெளிவாக, மறு கண் மங்கலாக வருவது சகஜம். மேடை தூரத்தில் இந்தச் சிக்கல் இல்லை, எட்டு மீட்டரில் அந்த ஆழம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போய்விடும். வீட்டுக்குள் பழகும்போது எஃப் 2.8 அல்லது 4க்கு மூடிக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்குச் சாதாரண ஜூம் லென்ஸ் இன்னொரு வகையிலும் நல்லது. ஆறு மாதம் கழித்து உங்கள் படங்களின் விவரங்களைத் திறந்தால், ஒவ்வொன்றையும் எத்தனை மி.மீ.யில் எடுத்தீர்கள் என்று பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் 18 பக்கமே கூடியிருந்தால் அடுத்து வாங்க வேண்டியது அகலமான லென்ஸ். எல்லாம் நீண்ட முனையில் முட்டிக்கொண்டு நின்றால் டெலி. கடைக்காரர், தம்பி, நான் எல்லோரும் சொல்வதைவிட அந்தப் பட்டியல் நம்பகமானது.

எந்த கேமரா என்பதை இலவசங்கள் மறைத்துவிடும்

2000டி 2018இல் வந்த டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா. 1500டி, ரெபெல் டி7 என்ற பெயர்களிலும் விற்கிறார்கள். 24 மெகாபிக்சல், அதில் குறையில்லை. ஆனால் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள், விநாடிக்கு மூன்று படங்கள், வீடியோவில் 4கே இல்லை. 2023இல் வந்த ஆர்50 மனித முகத்தையும் கண்ணையும் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும். விநாடிக்குப் 12 படங்கள் எடுக்கும். ஓடி ஆடும் குழந்தைக்கு இந்த வித்தியாசம் பெரிது. அதே 2018இல்தான் கேனனும் நிக்கானும் மிரர்லெஸ் கேமராக்களுக்குப் புதிய மவுண்ட்களை (லென்ஸ் மாட்டும் வாய்) கொண்டுவந்தன. அப்போதிருந்து இரண்டு நிறுவனங்களின் கவனமும் அந்தப் பக்கம்தான்.

டிஎஸ்எல்ஆர் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கேனனின் பழைய இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டுப் புதிய கேமராவிலும் பயன்படுத்தலாம். கையில் பணம் குறைவு என்றால் பயன்படுத்திய டிஎஸ்எல்ஆரும் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் அருமையான ஜோடி. பழைய மாடலைப் புதிதாக, 32 பொருள்களைச் சேர்த்துப் பெரிய செட்டாக வாங்குவதைத்தான் நான் தடுக்கிறேன்.

கணவர் சொல்வதற்கும் ஒரு வார்த்தை. பகலில், பக்கத்தில், அசையாமல் நிற்கும் எதையும் ஃபோன் நன்றாக எடுக்கும். அந்தப் படங்களுக்காகக் கேமரா வாங்க வேண்டியதில்லை. தூரம், இருட்டு, வேகம் மூன்றும் சேரும் இடத்தில்தான் ஃபோன் தோற்கும். ஃபோனின் ஜூம் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் மிகச் சிறியது. உங்கள் நடன மேடையில் மூன்றும் சேர்கின்றன.

வாரண்டியும் முன்பணமும்

"வாரண்டி உண்டு" என்றால் யாருடைய வாரண்டி என்று கேளுங்கள். நிறுவனத்தின் வாரண்டி கேமராவுக்கும் அதே நிறுவன லென்ஸுக்கும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் விற்பவர் வாய்வார்த்தையாகச் சொல்வதுதான் இருக்கும். கேமராவே அதிகாரபூர்வ வழியில் வராமல் வேறு நாட்டிலிருந்து வந்த சரக்கு என்றால், நிறுவனத்தின் சேவை மையம் இலவசமாகப் பழுது பார்க்க மறுக்கலாம். செட்டோடு வரும் வேற்று நிறுவன பேட்டரியால் கேமரா பழுதானால் அதற்குப் பொறுப்பில்லை என்றும் கேமரா நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. பேட்டரி என்றால் நிறுவனத்தினுடையதாக ஒன்று கூடுதலாக வாங்குங்கள், போதும்.

பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள்:

- கேமரா பெட்டி நிறுவன முத்திரையோடு பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும். செட்டாகக் கட்டுவதற்காகப் பிரித்திருந்தால் உள்ளிருக்கும் பொருள்களை நிறுவனப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.
- பில்லில் மாடல் பெயரும், பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் நம்பரும் தனித்தனியாக இருக்க வேண்டும். "கேமரா செட் - 1" என்று மொத்தமாக எழுதிய பில் பின்னால் வம்பு.
- அந்த சீரியல் நம்பருக்கு வாரண்டி செல்லுமா என்று நிறுவனத்தின் சேவை மையத்திடமே கேட்டுவிடுங்கள்.
- திருப்பிக் கொடுக்கும் விதியைப் படியுங்கள். ஒரு கார்டு வேலை செய்யாவிட்டாலும் 33 பொருளையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும் என்றோ, பிரித்த பொருளை ஏற்கமாட்டோம் என்றோ இருக்கலாம்.

நீங்கள் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பது ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், உங்கள் இடத்து நுகர்வோர் சட்டத்தையும் பொறுத்தது. ரசீதை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சண்டை இல்லாமலே முடியும் ஒரு வழி இருக்கிறது: "இந்தச் செட் வேண்டாம், இதே தொகையை உங்களிடமே வாங்கும் வேறு கேமராவுக்குக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். விற்பனை கைவிட்டுப் போகாது என்பதால் ஒப்புக்கொள்வதற்கு வாய்ப்பு அதிகம். ஒருவேளை மறுத்து, அந்தச் சிறு தொகை போனாலும் போகட்டும். அதைக் காப்பாற்றுவதற்காக முழுத் தொகையையும் தவறான பொருளில் போட வேண்டாம். "இன்றோடு ஆஃபர் முடிகிறது" என்ற பேச்சுக்கும் அவசரப்படாதீர்கள். இதே போன்ற செட் வேறு பெயரில் அடுத்த மாதமும் வரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

ஆர்50 உடன் 18-45 லென்ஸ் மட்டும் வரும் பெட்டியை வாங்குவேன். 33 பொருள் செட்டுக்கு ஒதுக்கிய தொகைக்கும் இதற்கும் இடைவெளி அதிகமாக இருந்தால், பயன்படுத்திய கேமராக்களைத் தேடுவேன். கூடவே ஒரு வி30 கார்டு, தூசு ஊதும் ரப்பர் பந்து, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பையில் வைக்க மெத்தை உறை. அவ்வளவுதான் முதல் நாள் பட்டியல். இரட்டை லென்ஸ் பெட்டியை இப்போது விட்டுவிடுவேன்; பறவை ஆசை ஆறு மாதம் கழித்தும் இருந்தால் 55-210ஐப் பயன்படுத்திய நிலையில் வாங்கலாம்.

மேடைக்கு ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை வாங்கலாம்; 160 கிராம்தான், அந்த வரிசையில் மலிவானவற்றில் ஒன்று. முன் வரிசை கிடைக்காது என்றால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் 85 மி.மீ. எஃப் 2 லென்ஸை வாடகைக்கு எடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை வரும் நிகழ்ச்சிக்கு வாடகைதான் அறிவான வழி. வாடகைக்கு எடுப்பதை இன்னும் ஏன் பலர் யோசிப்பதே இல்லை என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியாக, போன வருடம் முகம் வெள்ளைத் திட்டாக வந்ததற்குக் காரணம் ஃபோன் மட்டும் இல்லை. கறுப்புத் திரையையும் சேர்த்துச் சராசரி பார்த்து, காட்சி இருட்டாக இருக்கிறது என்று ஃபோன் முடிவு செய்து, எல்லாவற்றையும் வெளிச்சமாக்கியது; விளக்கு விழுந்த முகம் எரிந்துபோனது. புதிய கேமராவும் தானியங்கி அமைப்பில் இதே தவறைச் செய்யும். வெளிச்ச ஈடுகட்டலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) -1 அல்லது -1.5க்கு இறக்குங்கள், ஷட்டர் 1/250 அல்லது 1/320, அப்பர்ச்சர் எஃப் 2, ஐஎஸ்ஓ தானியங்கியாக 6,400 வரை, ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் சர்வோ அமைப்பில். முழு எலெக்ட்ரானிக் ஷட்டரை மேடையில் தவிருங்கள். எல்இடி விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழும். இவை எல்லாவற்றையும் நிகழ்ச்சி அன்று முதல்முறையாகச் செய்யாமல், ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒத்திகைக்கு ஒரு நாள் கேமராவோடு போய்ப் பழகிவிடுங்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மகளின் முகம் தெரிகிறது என்பதையும் அன்றே பார்த்து, அந்த இடத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.